மூணு பேரு, மூணு இனிஷியல்

எங்க வீட்டுல மூணு பேரு, மூணு இனிஷியல். எனக்கு ச., என் மனைவிக்கு கோ., பொண்ணுக்கு ம. எந்த ஃபாரத்துல குடும்ப உறுப்பினர்கள்னு வரிசையா எழுதினாலும், மூணு வேற வேற வீட்டு ஆளுங்க ஒரே ரூம்ல வாடகைக்குத் தங்கியிருக்கற மாதிரிதான் இருக்கும் பாக்க.

போன மாசம் கூட வேலை பாக்கற ஒருத்தர் தனியா கூப்பிட்டு, "உன் பொண்ணுக்கு இனிஷியல் எப்படி மாத்தின, எங்க போகணும், எவ்வளவு நாள் ஆகும்"னு கேட்டாரு. அவரு கல்யாணம் பண்ணிக்கப் போற பெண்ணுக்கு நாலு வயசுல ஒரு பையன் இருக்கான். நான் "மாத்தல"ன்னேன். "இன்னும் மாத்தலயா?"ன்னாரு. அந்த "இன்னும்"தான் எனக்கு உறுத்துச்சு, ஏன்னா நானும் ஒரு காலத்துல இதே "இன்னும்"மோட மூணு வருஷம் அலைஞ்சவன். அவருக்கு லிஃப்ட் பக்கத்துல நின்னுட்டு பத்து நிமிஷத்துல சொன்னது எதுவும் சரியா வரல, அதனால இங்க உக்காந்து எழுதறேன்.

2019ல எங்க கல்யாணம். எனக்கு முதல், அவங்களுக்கு ரெண்டாவது. முதல் கணவர் உடம்பு சரியில்லாம இறந்து மூணு வருஷம் ஆகியிருந்துச்சு. பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. அவளை இங்க ஹரிணின்னு வெச்சுக்குவோம், நிஜப் பேரு அது இல்ல, ஆனா நிஜப் பேரும் இதே மாதிரி ஒரு கிளாஸ்ல ரெண்டு பேருக்கு இருக்கற பேருதான், அது ஏன் முக்கியம்னு பின்னாடி வரும்.

முதல் ஒரு வருஷம் அவ என்னை எதுவும் கூப்பிடல. அங்கிள்னும் இல்ல, அப்பான்னும் இல்ல. ஏதாவது வேணும்னா கிட்ட வந்து நிப்பா, நான் நிமிர்ந்து பாக்கற வரைக்கும் நிப்பா, பாத்ததும் பேச ஆரம்பிப்பா. நான் மாடியில இருந்தா மாடி ஏறி வந்து நிப்பா, கீழ இருந்து கூப்பிட மாட்டா, ஏன்னா கூப்பிடணும்னா ஒரு வார்த்தை வேணும்ல. (இப்ப என்ன கூப்பிடறான்னு கேக்காதீங்க, அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.)

இனிஷியல் மாத்தணும்ங்கற எண்ணம் எனக்கு எங்க வந்துச்சுன்னு இடம், நேரம் எல்லாம் சொல்ல முடியும். ஒரு ராத்திரி, மனைவி ஊர்ல இல்ல, பொண்ணுக்கு 102 டிகிரி காய்ச்சல், தோள்ல போட்டுட்டு ஒரு ஹாஸ்பிட்டல் கவுன்ட்டர்ல நிக்கறேன். பழைய ரிக்கார்டு இருந்துச்சு அங்க. "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?" "அப்பா." "உங்க பேரு?" சொன்னேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ஸ்க்ரீன பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, திரும்ப ஸ்க்ரீன. "சார், இதுல அப்பா பேரு வேற இருக்கே." பின்னாடி க்யூ. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தோள்ல கெடந்த ஹரிணி கண்ணத் தொறக்காமயே சொல்றா, "இவங்க எங்க அம்மாவோட ஹஸ்பண்ட்."

கரெக்ட்டான பதில். எந்த வக்கீலும் இதவிடத் துல்லியமா சொல்லியிருக்க முடியாது. ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த கவுன்ட்டர் பொண்ணு மேல தப்பே இல்ல, அது கேக்க வேண்டியதத்தான் கேட்டுச்சு. ஆனா இனிமே எந்த கவுன்ட்டர்லயும் இப்படி முழிச்சுட்டு நிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். வெளிய எல்லார்கிட்டயும் "அவளோட சௌகரியத்துக்காக, நாளைக்கு அவளுக்குப் பிரச்சனை வரக் கூடாதுல"ன்னுதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்.

எங்க அம்மா ஒரு படி மேல. "நம்ம எழுத்தப் போட்டுட்டா ஊரு வாய அடைச்சுரலாம்டா, நாளைக்கு கல்யாணப் பத்திரிகையில என்ன போடுவ?" எட்டு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை. ஆனா அம்மாவுக்கு அது நிஜமான கவலை. இனிஷியல்ங்கறது நம்ம ஊர்ல ஒரு எழுத்து மட்டும் இல்லையே, அதை வெச்சு ஒரு பொம்பளையையும் அவ பிள்ளையையும் எவ்வளவு கேவலமா பேச முடியும்னு எல்லாருக்கும் தெரியும், தெருச் சண்டைல முதல்ல வர்றதே அதுதான்.

மனைவிகிட்ட கேட்டேன். அவங்க ரொம்ப நேரம் யோசிக்கக்கூட இல்ல. "எந்த எழுத்தா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான், ஆனா ஆதார் சென்டர்ல நீங்கதான் லைன்ல நிக்கணும்." அவங்க முதல் கல்யாணத்துலயும் மாத்தல, ரெண்டாவதுலயும் மாத்தல. டிகிரி சர்ட்டிஃபிகேட்டுல கோ. இருக்கு, ஆபீஸ்ல கோ. இருக்கு, எதுக்கு மாத்தணும்ங்கறது அவங்க கட்சி. அத நான் ஒரு நாளும் தப்பா நெனச்சதில்ல, ஆனா அதே லாஜிக் பொண்ணுக்கும் பொருந்துமேன்னு அப்ப எனக்கு உறைக்கல பாருங்க.

முதல்ல போனது பிறப்புச் சான்றிதழுக்கு. அதுதான் வேர், அதுல மாத்திட்டா மத்தது எல்லாம் தானா மாறும்னு என் கணக்கு. அங்க இருந்த அம்மா, ரிட்டயர்மென்ட்டுக்குக் கிட்ட இருக்கும் வயசு, கண்ணாடிய நெத்தி மேல தூக்கி விட்டுட்டு நான் சொன்ன முழுக் கதையையும் பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "சார், இது யாரு வளக்கறாங்கங்கற சர்ட்டிஃபிகேட் இல்ல. அன்னைக்கு யாருக்குப் பொறந்துச்சுங்கற சர்ட்டிஃபிகேட். நீங்க அன்னைக்கு அங்க இல்லையே"ன்னாங்க. கோவமா சொல்லல, கிண்டலாவும் சொல்லல. தத்தெடுத்ததுக்குப் பேப்பர் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க, அது வேற வழின்னும் சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து சட்டத்த எடுத்துப் படிச்சேன், எனக்கு அந்த வியாதி உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15. பதிவுல தப்பு இருந்தா திருத்தலாம். அந்தத் திருத்தத்தக்கூட ஏற்கனவே எழுதினத அழிச்சு எழுதக் கூடாது, ஓரத்துல குறிப்பா எழுதி, தேதி போட்டு கையெழுத்துப் போடணும், மூலப் பதிவு அப்படியே இருக்கணும். எங்க விஷயத்துல தப்புன்னு ஒண்ணுமே இல்லையே. அவளுக்கு ஒரு அப்பா இருந்தாரு, அவரு பேரு அங்க சரியா இருக்கு, ஸ்பெல்லிங் கூட சரியா இருக்கு.

இங்கதான் நிறைய பேரு குழப்பிக்கறாங்க, நானும் குழம்பினேன், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். இனிஷியல் மாத்தறது வேற. தத்தெடுக்கறது வேற. இனிஷியல் மாத்தினா மாறறது பேரு மட்டும்தான், அப்பா யாருங்கறது மாறாது, சொத்துரிமை மாறாது, கார்டியன் யாருங்கறதும் மாறாது. தத்தெடுத்தா இது எல்லாமே மாறும். ஆபீஸ்ல கேட்ட நண்பர் "இனிஷியல் மாத்திட்டா என் பையன் ஆகிடுவான்ல"ன்னாரு, இல்லவே இல்ல.

இந்துக்களுக்கு 1956ல வந்த தத்தெடுப்புச் சட்டம் ஒண்ணு இருக்கு. அதுல குழந்தைக்கு 15 வயசு முடிஞ்சிருக்கக் கூடாது, ஆம்பள ஒருத்தர் பெண் குழந்தையத் தத்தெடுத்தா ரெண்டு பேருக்கும் நடுவுல குறைஞ்சது 21 வயசு வித்தியாசம் இருக்கணும், பத்திரம் போட்டு ரிஜிஸ்டர் பண்ணிக்கறது நல்லது. மத்த மதத்துக்காரங்களுக்கும் சேத்து இருக்கறது 2015 சிறார் நீதிச் சட்டம், அதுல காரான்னு தத்தெடுப்புக்குன்னே இருக்கற மத்திய அரசு அமைப்பு மூலமா போகணும், 2022 செப்டம்பர்ல இருந்து அதுல உத்தரவு போடறது கோர்ட் இல்ல, கலெக்டர். குழந்தையோட அப்பா உயிரோட இருந்து டைவர்ஸ்னா கதை மொத்தமா வேற, அவரு சம்மதம் வேணும், கஸ்டடி கேஸ் ஓடிட்டிருந்தா அது முடியாம ஒண்ணும் நடக்காது, தயவு செஞ்சு அவருக்குத் தெரியாம ஸ்கூல்ல எழுத்த மாத்தி வெக்கற வேலை மட்டும் பண்ணாதீங்க, நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரா வந்து நிக்கும்.

நான் தத்தெடுக்கவும் ரெடியாத்தான் இருந்தேன். ஒரு வக்கீல் நண்பன்தான் நிறுத்தினான். "டேய், இவளோட தாத்தாவுக்கு ஏதாவது சொத்து இருக்கா?"ன்னான். ஒரு வீடு இருக்கு. பையன் முன்னாடியே இறந்துட்டா அந்தப் பையனோட மக, தாத்தா சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசு, இந்து வாரிசுரிமைச் சட்டத்துல இருக்கு. தத்துக் குடுத்துட்டா பொறந்த வீட்டோட இருக்கற உறவு சட்டப்படி அறுந்துரும். அதுக்கு முன்னாடியே அவ பேருக்கு வந்து சேர்ந்த சொத்து போகாது, ஆனா இனிமே வரப் போறது போயிரும். தாத்தா உயில் எழுதி வெச்சா உண்டு. எனக்கு அந்த வீடு ஒரு பொருட்டே இல்ல, ஆனா அவளோடத இல்லன்னு ஆக்கறதுக்கு நான் யாரு?

அதே மாதிரி மறுபக்கம்: தத்தெடுக்கலன்னா என் சொத்துக்கு அவ வாரிசு கெடையாது. மனைவியோட முதல் கல்யாணத்துப் பிள்ளைய சட்டம் எனக்கு வாரிசா பாக்காது, இனிஷியல் என்னவா இருந்தாலும் பாக்காது. இதுக்கு மருந்து இனிஷியல் இல்ல, உயில். நான் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டேன், ஒரே காலைல முடிஞ்சுது. மூணு வருஷம் எழுத்து எழுத்துன்னு அலைஞ்சவன் இத முதல்லயே பண்ணியிருக்கலாம்.

2022ல ஆறாவதுக்கு வேற ஸ்கூல் மாத்தினோம். அட்மிஷன் ஃபாரத்துல "தந்தை பெயர்" கட்டம். அங்க ஆபீஸ்ல இருந்தவரு என்னையும் பாத்தாரு, டிசியையும் பாத்தாரு. "சார் உங்க பேரப் போட்டு பிராக்கெட்ல ஸ்டெப் ஃபாதர்னு போட்டுரலாமா?" சத்தமா. பக்கத்துல இன்னும் நாலு பேரண்ட்ஸ். ஹரிணி எனக்குப் பக்கத்துல நின்னு தன் ஷூவையே பாத்துட்டிருந்தா. வேண்டாம், அவங்க அப்பா பேரே இருக்கட்டும், தொடர்புக்கு என் நம்பர் போடுங்கன்னேன்.

இது நடந்து ரெண்டு மாசம்கூட ஆகல, ஜூலை கடைசில சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, நீதிபதிகள் தினேஷ் மகேஸ்வரியும் கிருஷ்ண முராரியும். ஆந்திரப் பக்கத்துக் கேஸ். கணவர் இறந்து மறுமணம் பண்ணிக்கிட்ட அம்மா, குழந்தையோட பேருக்குப் பின்னாடி என்ன வரணும்னு குழந்தையோட தாத்தா பாட்டிக்கும் அவங்களுக்கும் வழக்கு. ஹைகோர்ட், பழைய குடும்பப் பேரையே திரும்பப் போடுங்க, ரெண்டாவது கணவர் பேரு வர்ற எடத்துல மாற்றாந்தந்தைன்னு போடுங்கன்னு சொல்லியிருந்துச்சு. அப்படிப் போடச் சொல்றது கிட்டத்தட்ட கொடூரமானது, யோசனையே இல்லாததுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அப்பா இல்லாதப்போ அம்மாதான் ஒரே இயற்கைக் காப்பாளர், அதாவது நேச்சுரல் கார்டியன், பேர முடிவு பண்ற உரிமை அவங்களுக்குத்தான்னு தீர்ப்பு.

குடும்ப வாட்ஸப் குரூப்ல அன்னைக்கு எனக்கு மூணு பேரு ஃபார்வர்ட் பண்ணாங்க. "பாத்தியா, இனிமே மாத்தலாம்!" நானும் சந்தோஷமா தீர்ப்ப டவுன்லோடு பண்ணிப் படிச்சேன். அந்த பிராக்கெட் பத்தின வரியப் படிக்கும்போது ஸ்கூல் ஆபீஸ்காரரு மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா முழுசாப் படிச்சா ஒண்ணு தெளிவாப் புரிஞ்சுது, அதுல உரிமை அம்மாவுக்கு. எனக்கு இல்ல. நான் அந்தக் கதைல எங்கயுமே இல்ல. சந்தேகம் தீர மூலச் சட்டத்தப் பாத்தேன், இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 6, இயற்கைக் காப்பாளர் யாரு யாருன்னு வரிசையா சொல்லிட்டு கீழ ஒரு விளக்கம் இருக்கு. இந்தப் பிரிவுல அப்பா, அம்மான்னு சொன்னா அதுல மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் சேராதுன்னு.

ஒரே வரி. அந்த வரிய நான் எத்தன தடவ படிச்சேன்னு தெரியல. மூணு வருஷமா "நான் மாத்தப் போறேன், நான் மாத்தப் போறேன்"னு சொல்லிட்டு இருந்த "நான்"க்கு அதுல எடமே இல்ல. கையெழுத்துப் போட வேண்டியவங்க வீட்டுல உக்காந்து "எந்த எழுத்தா இருந்தாலும் ஓகே"ன்னுட்டு சீரியல் பாத்துட்டிருக்காங்க.

சரி, அம்மா கையெழுத்துல மாத்தலாமே, அதுக்கு எவ்வளவு வேலைன்னும் பாத்தேன். பேர் மாத்தத் தமிழ்நாடு அரசிதழ்ல விளம்பரம் வரணும். அது வாரா வாரம் புதன்கிழமை வரும், பேர் மாத்தறவங்க பக்கம் தனியா இருக்கும். ஒரு ராத்திரி பழைய இதழ்கள இறக்கி வெச்சுட்டுப் படிச்சுட்டே இருந்தேன். பக்கம் பக்கமா பேரு. எல்லாம் ஒரே அச்சு வார்ப்பு, நான், இன்னாரோட மகன், இன்ன தேதில பொறந்தேன், சொந்த மாவட்டம் இது, குடியிருக்கறது இங்க, "ஷல் ஹென்ஸ்ஃபோர்த் பி நோன் அஸ்", அப்புறம் புதுப் பேரு. நியூமராலஜிக்காக ஒரு எழுத்து சேத்துக்கிட்டவங்க, மதம் மாறினவங்க, ஸ்பெல்லிங் சரி பண்ணவங்க. நடுநடுவுல "மை டாட்டர்", "மை சன்"ன்னு ஆரம்பிக்கற சிலது, பேரு அதேதான், இனிஷியல் மட்டும் வேற. அதுல எதுலயும் காரணம் போடறதில்ல. அந்த மாதிரி ஒரு வரியப் பாக்கும்போதெல்லாம், இந்தக் குழந்தைக்கு வயசு என்ன, இதுகிட்ட யாராவது கேட்டாங்களான்னு தோண ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் அது எனக்குத் தோணவே இல்ல.

அரசிதழுக்கு அப்புறம் ஆதார். ஆதார்ல பேர ஆயுசுக்கும் ரெண்டு தடவதான் மாத்தலாம், பத்து வயசுலயே ஒண்ண செலவு பண்ணிட்டா பாக்கி ஒண்ணு. (அட்ரஸ்ல இப்பல்லாம் அப்பா பேரு கட்டாயம் இல்ல, கேர் ஆஃப் போட்டுக்கலாம், அதனால அந்த வகையில தொல்லை கெடையாது.) ஸ்கூல்ல எமிஸ்னு மாணவர் விவரம் வெக்கற அரசாங்க ஆன்லைன் பதிவு, அது மாறினாதான் டிசில மாறும். பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர்ல இருந்து அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரு இருந்தா போதும், அதனால நான் பயந்த அளவுக்கு அங்க ஒண்ணும் இல்ல. ஆனா மாத்தறதா இருந்தா எல்லாத்தையும் பத்தாவதுக்கு முன்னாடி முடிச்சுரணும், நாமினல் ரோல், அதான் பப்ளிக் எக்ஸாம் எழுதறவங்க பேர்ப் பட்டியல், போயி மார்க் ஷீட்டுல அச்சாகிட்டா அப்புறம் அலைச்சலோ அலைச்சல், எந்த இன்டர்வியூக்குப் போனாலும் முதல்ல எடுத்துப் பாக்கறது அதத்தான்.

இதுக்கு நடுவுல ஒரு ஞாயித்துக்கிழம, ஹரிணிகிட்டயே கேட்டேன். சுத்தி வளச்சு, நிறைய பில்டப் குடுத்து. "உனக்கு ஓகேன்னா, உன் பேருக்கு முன்னாடி எம்முக்குப் பதிலா எஸ் போடலாமா? உனக்குப் பிடிச்சாதான்."

அவ ஸ்கேல் வெச்சு மார்ஜின் போட்டுட்டு இருந்தா. நிறுத்தல. "எங்க கிளாஸ்ல ஏற்கனவே ஹரிணி எஸ் இருக்கா."

"ஆமா?"

"நான் ஹரிணி எம். அவ ஹரிணி எஸ். நானும் எஸ் ஆயிட்டா மிஸ் எப்படி கூப்பிடுவாங்க? அவளுக்குப் போட்ட மார்க் எனக்கு வந்துரும். அவ மேத்ஸ்ல ஃபெயில்."

இதுக்கு எந்த சட்டத்துல பதில் இருக்கு சொல்லுங்க. நான் அப்பா ஞாபகம், பாசம், குழப்பம்னு எதையெதையோ எதிர்பாத்து, எல்லாத்துக்கும் பதில் ரெடி பண்ணிட்டுப் போயிருந்தேன். அவளுக்கு அந்த எம்தான் கிளாஸ்ல அவ யாருன்னு சொல்றது. அட்டெண்டன்ஸ்ல, ஸ்போர்ட்ஸ் டேல, வாட்டர் பாட்டில்ல, ரப்பர்ல பேனாவால கிறுக்கி வெச்சிருக்கறதுல, எல்லாத்துலயும் ஹரிணி எம். எங்க யாருக்கும் தெரியாத ஒரு உலகத்துல அந்த எழுத்துக்கு வேற வேலை இருந்துச்சு.

அப்பதான் நான் வீட்டு இனிஷியல்கள ஒழுங்கா யோசிச்சுப் பாத்தேன். குடும்பப் பேரு வெச்சுக்கற ஊருங்கள்ல அப்பா, அம்மா, பிள்ளை எல்லாருக்கும் ஒரே பேரு, அதுல ஒரு குழந்தை மட்டும் வேற பேரோட நின்னா தனியாத் தெரியும், மாத்தணும்னு தோணறதுல ஒரு நியாயம் இருக்கு. நம்மகிட்ட அது கெடையாது. எனக்கும் எங்க அப்பாவுக்குமே ஒரே எழுத்து இல்ல, அவருக்கு அவங்க அப்பா எழுத்து, எனக்கு அவரு எழுத்து. என் மனைவிக்கு அவங்க அப்பா எழுத்து. ஹரிணிக்கு அவ அப்பா எழுத்து. மூணு பேரும் ஒரே ரூல்படிதான் இருக்கோம். நான் அந்த ரூல உடைச்சுட்டு "ஒரே குடும்பம் மாதிரி தெரியணும்"னு சொல்லிட்டிருந்தேன், மனைவி எழுத்து வேறயா இருக்கறது கண்ணுல படாதவனுக்கு பொண்ணு எழுத்து மட்டும் எப்படி படுதுன்னு யாராவது கேட்டிருந்தா என்கிட்ட பதில் இல்ல. என் எழுத்த அவ பேருக்கு முன்னாடி போட்டா, ஊரு படிக்கறது "இவ இவருக்குப் பொறந்தவ"ன்னுதான். அது பொய். ஒரு சின்னப் பொண்ண தினமும் தன் நோட்டு மேல ஒரு பொய்ய எழுத வெக்கணுமா, அதுவும் நான் கவுன்ட்டர்ல முழிக்காம இருக்கறதுக்காக?

மாத்தினவங்க எல்லாரும் தப்புன்னு நான் சொல்லல. அப்பாவால அடிபட்டு வெளிய வந்த பிள்ளைங்க இருக்கு, அந்த எழுத்தே வேண்டாம்னு அதுங்களே சொல்லும், அதுங்களுக்கு மாத்திக் குடுக்கறதுதான் நியாயம், அம்மா எழுத்தக்கூடப் போட்டுக்கலாம். பொறந்ததுல இருந்து மாற்றாந்தந்தைய மட்டுமே பாத்த குழந்தைங்களும் இருக்கு. எங்க கதை அது இல்ல, அவ்வளவுதான்.

இன்னொருத்தரப் பத்தி சொல்லாம விட்டேன். ஹரிணியோட அப்பாவோட அப்பா. மாசத்துக்கு ஒரு தடவ வருவாரு, மூணு பஸ் மாறி. எங்க கல்யாணத்துக்கு வந்து முன் வரிசைல உக்காந்தவரு. ஒவ்வொரு ஜூன் மாசமும் ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம வந்து பேத்தியோட புக்கு, நோட்டு எல்லாத்துக்கும் பிரவுன் ஷீட்ல அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மை பேனால பேரு எழுதிக் குடுத்துட்டுப் போவாரு. ம. ஹரிணி. அந்த ம போடறது ஒரு அழகு, கல்வெட்டு மாதிரி நேரா நிக்கும். இப்ப அரசாங்கமே 2021 டிசம்பர்ல உத்தரவு போட்டுச்சுல்ல, முன்னெழுத்தையும் தமிழ்ல எழுதணும்னு, இவரு அதுக்கு ரொம்ப முன்னாடியே அப்படித்தான்.

2023 ஆரம்பத்துல, ஹரிணிகிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே, ஆர்வக் கோளாறுல அவருகிட்ட சொல்லி வெச்சுட்டேன். "இனிஷியல் மாத்தலாம்னு ஒரு யோசனை இருக்குப்பா, ஸ்கூல் வேலைக்கெல்லாம் வசதியா இருக்கும்." அவரு செருப்ப மாட்டிட்டு இருந்தாரு. "உங்க இஷ்டம் தம்பி"ன்னாரு. குரல்ல ஒரு மாத்தமும் இல்ல. கேட்டத் தொறந்து மூடி, கொக்கியையும் மாட்டிட்டுப் போனாரு. சரி, அவருக்கு ஓகேன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அப்புறம் ஹரிணி மாட்டேன்னு சொன்னத அவருகிட்ட சொல்ல எனக்கு மறந்தே போச்சு.

ஜூன்ல வந்தாரு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஹால்ல தரைல உக்காந்து அட்டை போட்டாரு. அவரு கெளம்பினதுக்கு அப்புறம் நான் அடுக்கி வெக்கறப்பதான் பாத்தேன். பதினாலு நோட்டு, ஏழு புக்கு. எல்லா லேபிள்லயும் ஹரிணின்னு எழுதியிருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு எழுத்துக்கான எடம் விட்டிருக்கு. புள்ளி கூட வெச்சிருக்காரு. எழுத்து மட்டும் இல்ல.

ஃபோன் பண்ணேன். பஸ்ல இருந்தாரு, சத்தம். "அது நீங்க போட்டுக்கங்க தம்பி, இந்த வருஷம் எதுன்னு எனக்குத் தெரியல"ன்னாரு.

நான் அந்த மை பேனாவ எடுத்துட்டு உக்காந்தேன், அவரு விட்டுட்டுப் போயிருந்தாரு. இருபத்தோரு லேபிள்லயும் ம போட்டேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நாலஞ்சுல மை ஊறிப் பரவி ம-வா ய-வான்னு தெரியாம ஆயிருச்சு. மறுநாள் காலைல ஹரிணி பைய அடுக்கறப்ப எடுத்துப் பாத்துட்டு, "இந்த ம யாரு போட்டா? தாத்தா இப்படி எழுத மாட்டாரே"ன்னா. நான்தான்னேன். "கேவலமா இருக்கு"ன்னு சொல்லிட்டு பைல வெச்சுக்கிட்டா. அன்னைக்கு ராத்திரி தாத்தாவுக்கு ஃபோன் பண்ணி விஷயத்தச் சொன்னேன். "அப்படியா"ன்னாரு. அடுத்த வருஷத்துல இருந்து பழையபடி அவரே முழுசா எழுதறாரு.

இப்ப ஒன்பதாவது படிக்கறா. அடுத்த வருஷம் பத்தாவது, நாமினல் ரோல். கடைசி சான்ஸ்னு சொல்லி முறைப்படி ஒரு தடவ கேட்டுரணும்னு மனைவியும் சொன்னாங்க, இந்தத் தடவ ரெண்டு பேரும் சேந்தே கேட்டோம். எம், எஸ், இல்ல அம்மா எழுத்து, எது வேணும்னாலும் ஓகே, கையெழுத்து அம்மா போடுவாங்க, லைன்ல நான் நிப்பேன்னு சொன்னோம்.

ஒரு காதுல இருந்து மட்டும் ஹெட்செட்ட எடுத்தா. "அந்த இன்னொரு ஹரிணி பத்தாவதும் எங்க ஸ்கூல்லதான் படிப்பாளா?"

"தெரியலயேம்மா."

"அவ போயிட்டான்னா சொல்லுங்க, யோசிக்கறேன்."